சட்டியில் காய்ந்த உப்பு

அன்புள்ள மகனுக்கு, சேசுவின் கிருபையால் நானும் அப்பாவும் சுகம். நேற்று வாசலில் ரொட்டி விற்க வரும் பாய் கையில் கொடுத்து உனக்கு ஒரு கார்டு போட்டேன். "அந்த ஆளை வேலையை விட்டு அனுப்ப விடாதே, காரணம் பின்னால் எழுதுகிறேன்" என்று ஒரே ஒரு வரி. அதைப் பார்த்து அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாய். கலங்கியது நேற்றல்ல, எட்டு வருஷத்துக்கு முன்னால். அதைத்தான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா துரையை ஏற்றிக்கொண்டு பாலிக் புலாவ் எஸ்டேட் வரை போயிருக்கிறார். வருவதற்கு மாலையாகிவிடும். சோற்றை வடித்து வைத்துவிட்டேன், கதவைச் சாத்திவிட்டேன். நீ கையெழுத்தைக் குறை சொல்லாமல் படி.

முந்தாநாள் உன் கடிதம் வந்ததும் உன் அப்பா அதை மூன்று தரம் படித்தார். முதலில் தனக்கு, பிறகு எனக்கு, பிறகு கேட்டில் காவல் நிற்கிற ஜாகாவைக் கூப்பிட்டு அவருக்கு. அந்தப் பஞ்சாபிக்காரருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனாலும் தலையாட்டிக் கேட்டார். ஈப்போவில் உன் பட்டறை முதலாளியின் பழைய வண்டியில் என்ஜின் கொதிக்கிறது என்று எல்லோரும் ஒவ்வொன்று சொல்ல, நீ மட்டும் ரேடியேட்டர் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் வடித்து வைத்துப் பார்த்தாய். அது வெளுத்துப்போய், புளித்த வாடை அடித்தது. நாக்கில் வைத்தால் சவர்க்காரக் காரம். முதலாளி வீட்டில் வண்டி கழுவுகிற ஆள் கழுவுகிற வாளித் தண்ணீரையே உள்ளேயும் ஊற்றிவிட்டான் என்று நீ அவரிடமே சொல்லிவிட்டாய். சனிக்கிழமை அவனை அனுப்பிவிடப் போகிறார்கள் என்றும், "எல்லாம் அப்பா கற்றுக்கொடுத்த வித்தை" என்றும் எழுதியிருந்தாய். உன் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அடுப்பங்கரைக்குப் போய் அடுப்பில் ஒன்றும் இல்லாமலே ஊதிக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தில் வண்டியின் வயது இருந்தது, நிறம் இருந்தது, என்ஜின் நம்பர்கூட இருந்தது. அந்த ஆளுடைய பெயரை மட்டும் நீ எழுதவில்லை. அது என்னவென்று உனக்குத் தெரியுமா?

அப்பாவின் அந்தப் பெரிய கதையைக் கேட்டு வளர்ந்தவன் நீ. டத்தோ கிராமாட்டிலிருந்து யார் வந்தாலும், நத்தார் பண்டிகையென்றாலும், ஒரு ஞானஸ்நான வீடென்றாலும், "அண்ணே, அந்த உப்புக் கதையச் சொல்லுங்க லா" என்று ஆரம்பிப்பார்கள். அவரும் வேண்டாம் வேண்டாம் என்று ஒரு நிமிஷம் பிகு பண்ணிவிட்டுச் சொல்லுவார். நான் கோப்பி கலந்துகொண்டு வருவேன். எந்த இடத்தில் சிரிப்பார்கள், எந்த இடத்தில் உன் அப்பா ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்துக் காட்டுவார் என்று எனக்கு அத்துப்படி. நூறு தரம் கேட்டிருப்பேன். ஒவ்வொரு தரமும் என் வீட்டில் நானே பூட்டி வைக்கப்பட்டதுபோல் இருக்கும். தட்டைப் போட்டுவிட்டு ஓடவும் முடியாது, உட்கார்ந்து கேட்கவும் முடியாது. அந்தக் கதையை இப்போது நான் சொல்கிறேன். அப்பா சொல்லாத பாதி என்னிடம்தான் இருக்கிறது.

நாம் இந்த நார்தம் ரோட்டுப் பங்களாவின் பின்கட்டுக்கு வந்தபோது உனக்கு ஆறு வயது. இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் கடல். டிரைவர் வேலை இருக்கும் வரைக்கும்தான் இந்தக் கூரை என்று வந்த அன்றைக்கே துரை சொல்லிவிட்டார். அப்பா வண்டியைத் தன் கண்போலப் பார்த்துக்கொண்டார். ஆனால் பாலிக் புலாவ் மலைப் பாதை எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், பத்தடிக்கு ஒரு வளைவு. அப்பாவோடு ஒரே நாளில் லைசென்ஸ் எடுத்த ஒருவர் அந்த வளைவில் வண்டியோடு போய்விட்டார். அவர் மனைவி என்னோடு பூசைக்கு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். அந்த அடக்கத்துக்குப் போய் வந்த பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. சாமியாரிடம் மந்திரித்த ஒரு சுரூபப் பதக்கத்தை வாங்கி, வண்டியில் கண்ணாடிக்குக் கீழே கட்டினேன். துரை அதைப் பார்த்தார், அறுத்து அப்பா மடியில் போட்டார். இது என் வண்டி, உங்கள் கோவில் இல்லை, இன்னொரு தரம் இப்படி எதையாவது பார்த்தால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வேன் என்றார். உன் அப்பா அதை வீட்டில் வந்து சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. பதக்கத்தை மேசை மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

நான் அடங்கிப் போகிற ஜாதி இல்லை, உனக்குத் தெரியும். துரை கண் படுகிற இடத்தில்தானே வைக்கக் கூடாது? கண் படாத இடமாகப் பார்த்தேன். காலையில் தோட்டக்காரர் ராமையா ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவதைத் தினமும் பார்க்கிறேன். துரை அந்த மூடியை ஆயுசுக்கும் தொட்டதில்லை. அவ்வளவுதான். கோவிலிலிருந்து தீர்த்தம் ஒரு போத்தலில் கொண்டுவந்து, சனிக்கிழமை மத்தியானம் உன் அப்பா முடி வெட்டிக்கொள்ளப் போகிற நேரத்தில், மூடியைத் திறந்து ஊற்றினேன். ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லி மூடினேன். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன். அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. தீர்த்தம் மந்திரிக்கும்போது சாமியார் மந்திரித்த உப்பைப் போடுவார் அல்லவா, அந்த உப்பும் தனியாக வீட்டுக்குக் கொண்டுவரலாம். தண்ணீருக்கே இவ்வளவு சக்தி என்றால் உப்புக்கு எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்கு. மழைக்காலம் வந்து பாதை வழுக்க ஆரம்பித்ததும் ஒரு சிட்டிகை ஒரு பிடியாயிற்று. சனிக்கிழமை தவறாமல் ஒரு பிடி. பத்து மாதம் செய்தேன். தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு போகாது, உள்ளேயே கூடிக்கொண்டு வரும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ரசம் வற்றினால் கரிக்கும் என்று தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை. பக்தி வந்தால் சமையல்காரிக்குக்கூட மூளை வேலை செய்யாது போலிருக்கிறது.

ராமையா யாரென்று உனக்கு ஞாபகம் இருக்கும். தோட்டக்காரர், நமக்கு அடுத்த அறையில் மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் இருந்தார். நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். துரை தோட்டத்தில் என்ன கீரை முளைத்தாலும் முதல் கட்டு நமக்கு வரும். நாம் வேதக்காரர்கள் என்று அவருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறி வந்தால் நமக்கும் ஒரு தேங்காய் மூடி கொண்டுவருவார். வண்டி கழுவுவதும் தண்ணீர் ஊற்றுவதும் சட்டப்படி டிரைவர் வேலை. உன் அப்பா அதை ராமையாவிடம் தள்ளிவிட்டிருந்தார். ராமையாவும் அண்ணே சொன்னால் சரி என்று கிணற்றிலிருந்து இறைத்துவந்து ஊற்றுவார். இதையும் நினைவில் வைத்துக்கொள், கதையில் அப்பா இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்.

ஒருநாள் பாலிக் புலாவ் ஏற்றத்தில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. துரையும் துரைசானியும் உள்ளே. மழை வேறு. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு லாரியில் ஏறி வந்து சேர்ந்தார்கள். வண்டியை இழுத்துக்கொண்டுவந்து போட்டதும், துரையின் சிநேகிதரான ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வந்து எட்டிப் பார்த்தார். பார்த்த ஒரு நிமிஷத்தில், டிரைவர் தண்ணீர் பார்க்காமல் ஓட்டியிருக்கிறான், கேஸ்கட் போயிருக்கும், என்று சொல்லிவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார். துரை உன் அப்பாவைப் பார்த்து, மறுநாள் சாயங்காலத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்.

உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும். துரை பேசினால் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தரையைப் பார்க்கிறவர். அன்றைக்கு என்ன வந்ததோ, "ஒரு நாள் டைம் குடுங்க துவான், என்ன கோளாறுன்னு நான் காட்டுறேன்" என்றார். காலையில் துரை கோப்பி குடித்துவிட்டு வருவதற்குள் தொடங்கிவிட்டார். முதலில் ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். கேஸ்கட் போய் ஆயிலில் தண்ணீர் இறங்கியிருந்தால் பால் விட்ட தேத்தண்ணீர் மாதிரி வெளுத்திருக்கும். இது சுத்தக் கறுப்பு. அப்புறம் மூடியைத் திறந்து வைத்து என்ஜினை ஓட்டினார். உள்ளே விரிசல் இருந்தால் தண்ணீரில் குமிழ் குமிழாக வந்துகொண்டே இருக்கும்; ஒரு குமிழ் இல்லை. அப்புறம் அடிக் குழாயைத் திறந்து தண்ணீர் முழுவதையும் என் மங்குத் தொட்டியில் பிடித்துத் தெளிய வைத்தார். மேலே எண்ணெய் படலம் இல்லை. அடியில் செங்கல் பொடி மாதிரி துரு. ரப்பர் குழாய் மாட்டுகிற இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது, பித்தளை பச்சை பிடித்திருந்தது. இதெல்லாம் உனக்குத் தொழில், எனக்கு மனப்பாடம். அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் அவர் தொட்டித் தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார்.

"உப்பு," என்றார். இன்ஜினியர் சிரித்தார். அப்போது உன் அப்பா, "அடுப்பப் பத்தவை" என்று எனக்குச் சொன்னார். நான் பற்றவைத்தேன். என்னுடைய இரும்புச் சட்டியில் அந்தத் தண்ணீரை வடிகட்டி ஊற்றி, முற்றத்திலேயே மூன்று கல் வைத்து, துரையும் இன்ஜினியரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க, காய்ச்சினார். விசிறினவள் நான். தண்ணீர் வற்ற வற்றச் சட்டியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு வந்தது. பிறகு அடி முழுவதும் பழுப்பும் வெள்ளையுமாய்க் காய்ந்து வெடித்தது. உன் அப்பா கத்தியால் சுரண்டிக் காகிதத்தில் வைத்துத் துரையிடம் நீட்டினார். இன்ஜினியர் தொட்டு ருசி பார்த்துவிட்டு சுருட்டைக் கீழே போட்டார். சட்டியில் வெள்ளைக் கோடு வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, மகனே. என் பத்து மாதச் சனிக்கிழமைகள் அத்தனையும் அதில் இருந்தன. கையில் விசிறி இருந்தது, அதை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

துரை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: தண்ணீர் ஊற்றுவது யார்? உன் அப்பா ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணத்தை அவர் கதையில் சொல்வதில்லை, நான் பார்த்தேன். "ராமையா, துவான்" என்றார். துரை திரும்பிப் பார்த்த இடத்தில் ராமையாவின் வாளி இருந்தது. முன் பாதையின் சரளைக் கல்லுக்கு நடுவே முளைக்கிற புல்லைச் சாகடிக்க அவர் கடல் தண்ணீரை இறைத்து ஊற்றுவது வழக்கம். துரைசானி சொல்லிச் செய்கிற வேலை. வாளியில் அப்போதும் கடல் தண்ணீர் பாதி இருந்தது. அதற்கு மேல் யாருக்கு என்ன வேண்டும்? "அண்ணே, நான் கடத்தண்ணிய வண்டிக்கு ஊத்துவனா? கிணத்துத் தண்ணிதாண்ணே. இது புல்லுக்கு. மேம்கிட்டக் கேளுங்க லா," என்று ராமையா உன் அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார், துரையைப் பார்த்துச் சொல்லவில்லை. உன் அப்பா உப்புக் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார். நம்மைக் காலி செய்யச் சொன்ன அந்தச் சாயங்காலத்தில் காலி செய்தது அவர்கள். தள்ளுவண்டியில் பாயும் பானையும் ஏற்றினார்கள். அவர் மனைவி என்னிடம் வந்து, "அக்கா, முருங்கைக்குத் தண்ணி ஊத்துங்க, இப்பத்தான் வேர் புடிச்சிருக்கு" என்றாள். நான் சரி என்றேன். என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். முதல் நாள் காரணம் பயம். சொன்னால் பதக்கக் கதையும் வெளியே வரும். மந்திரம் மாயம் என்று மறுபடி செய்தாயா என்று துரை நம்மைத் தெருவில் விடுவார். உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த வேண்டியிருக்கும். இரண்டாம் வாரம் காரணம் மாறிவிட்டது. மற்ற பங்களா டிரைவர்கள் உன் அப்பாவைத் தேடி வர ஆரம்பித்தார்கள். என் வண்டி புகைகிறது, என் வண்டி தட்டுகிறது, வந்து பாருங்கள் அண்ணே என்று. ஒரு வெள்ளைக்காரனுக்கு முன்னால் உன் அப்பா நிமிர்ந்து நின்றது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். அதற்குப் பிறகு நடையே மாறிவிட்டது. நீ மெக்கானிக்காக வேண்டும் என்று ஆசைப்பட்டதே அந்தக் கதையைக் கேட்டுத்தான். அதை நான் எப்படிப் பிடுங்குவேன்? வீட்டைக் காப்பாற்ற வாயை மூடினேன், பிறகு அவரைக் காப்பாற்ற மூடினேன், பிறகு உன்னை. கடைசியில் எதற்காக மூடினேன் என்பதே மறந்து, திறக்க மட்டும் முடியாமல் போயிற்று. அந்தப் பக்கத்துச் சுவரில் இப்போதும் சத்தம் இல்லை. துரை அந்த அறையில் பழைய டயர்களைப் போட்டு வைத்திருக்கிறார்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல் இருப்பேனா? சொன்னேன். அந்தப் பிரெஞ்சுச் சாமியார் தமிழை மெதுவாகத்தான் பேசுவார், ஆனால் ஒரு வார்த்தை தவறாது. "அம்மா, நீ மன்னிப்புக் கேட்கிறாய், நல்லது. அந்த மனிதனுடைய பெயரைத் திருப்பிக் கொடுத்தாயா? முதலில் உன் புருஷனிடம் சொல். பிறகு வா" என்றார். நான் திரும்பப் போகவில்லை. மன்னிப்பு இல்லாமல் பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற அந்த நன்மை அப்பத்தை வாங்கக் கூடாது. வாங்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் ஊர் பார்க்கும், உன் அப்பா கேட்பார். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து ஒரு மடக்குக் கோப்பி குடித்துவிடுவேன். நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் குடித்தாலும் நன்மை வாங்க முடியாதே. யாராவது கேட்டால், "வயிறு தாங்கலை, கோப்பி குடிச்சிட்டேன்" என்பேன், அது பொய்யில்லை. எட்டு வருஷமாக நான் பசி தாங்காதவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். எல்லோரும் கட்டாயம் வாங்க வேண்டிய பாஸ்கு காலத்தில் மட்டும் வேறு கோவிலில் வாங்கிக்கொண்டேன் என்று சொல்லிவிடுவேன், அது சுத்தப் பொய். கர்த்தரை ஏமாற்ற ஒரு மடக்குக் கோப்பி போதும் என்று நினைத்த ஒரே பெண்பிள்ளை இந்தப் பினாங்கில் நானாகத்தான் இருப்பேன். அந்தக் கோப்பி இத்தனை வருஷத்தில் ஒருநாளும் ருசிக்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றுகிறேன். உப்புக் காய்ச்சிய நாளுக்கு இரண்டு வருஷம் கழித்து அன்னம்மாள் திருநாளுக்கு நானும் உன் அப்பாவும் புக்கிட் மெர்தாஜாம் போனோம். அப்பா ஸ்டேஷனுக்கு வெளியே யாரோடோ பேசிக்கொண்டு நின்றார். நான் உள்ளே பெஞ்சில். தலையில் துண்டுச் சும்மாடு வைத்து மூட்டை தூக்கிக்கொண்டு ஒருவர் என்னைத் தாண்டிப் போய், மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். ராமையா. பாதியாக இளைத்திருந்தார். "அக்கா, சுகமா? தம்பி படிக்கிறானா? வண்டி நல்லா ஓடுதா?" என்று கேட்டார். வண்டியைக் கேட்டார், மகனே. எந்தத் தோட்டத்திலும் எடுக்கவில்லை, பழைய வேலையிலிருந்து ஏன் நின்றாய் என்று கேட்கிறார்கள், சொன்னால் எடுக்கமாட்டோம் என்கிறார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒண்ணு சொல்றேன் அக்கா. சில நேரம் நெனச்சுப் பாக்குறேன். காலையில அவசரத்துல அந்த வாளியவே தூக்கி ஊத்திட்டனோ என்னமோ. அண்ணே சட்டியில காச்சிக் காட்டுனாரே, உப்பு பொய் சொல்லாதில்ல. நாந்தான் தெரியாமச் செஞ்சிருப்பேன். அண்ணங்கிட்ட வருத்தம் ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க."

அவர் செய்யாத தப்பை அவரே ஒப்புக்கொண்டு நிற்கிறார். செய்தவள் கட்டுச்சோற்றை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அப்போதாவது சொன்னேனா? கட்டுச்சோற்றை அவர் கையில் கொடுத்தேன். பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றேன். ரயில் வந்தது, அப்பா கூப்பிட்டார், ஏறிவிட்டேன். அன்றைக்கு உன் அப்பா பசியில் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்கு அந்தத் திட்டு வேண்டியிருந்தது, காரணம்தான் வேறு. அன்று முதல் இன்று வரை நான் அவருக்காகச் செபமாலை சொல்லாத நாள் இல்லை. ஆனால் செபமாலை சொல்வது வேறு, ஸ்டேஷனில் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொல்வது வேறு. கஷ்டமானதை விட்டுவிட்டுச் சுலபமானதை ஆயிரம் தரம் செய்தேன்.

உன் அப்பா சொன்னதில் தப்பில்லை. தண்ணீரில் உப்பு இருந்தது. உப்புதான் ரேடியேட்டரைத் தின்றது. அவர் குச்சியைப் பார்த்தது, குமிழைப் பார்த்தது, காய்ச்சிக் காட்டியது எல்லாம் நூற்றுக்கு நூறு சரி. நீயும் அப்படியே செய்திருப்பாய், உன் கையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது யார் கையால் உள்ளே போனது என்று எந்தச் சட்டியில் காய்ச்சினாலும் தெரியாது. யார் என்ற கேள்வி வந்ததும் உன் அப்பா கண்ணில் பட்ட முதல் ஆளைச் சொன்னார். எதிர்த்துப் பேச முடியாத ஆளாக இருந்தது வசதியாகப் போயிற்று. நீயும் அதையே செய்திருக்கிறாய். உன் முதலாளி வீட்டில் எத்தனை பேர்? மூடி திறந்த நேரம் யார் பார்த்தார்கள்? சவர்க்காரம் என்று உன் நாக்கு சொன்னது, அது ஒருவேளை வேறு காரமாக இருக்கலாம். யாரோ வீட்டு வைத்தியமாக எதையாவது ஊற்றியிருக்கலாம், பட்டறையில் முன்பு பார்த்தவன் துரு நீக்க எதையாவது போட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அந்த ஆளிடம் நீ கேட்டாயா? முதலாளிக்கு முன்னால் நிறுத்திக் கேட்பதைச் சொல்லவில்லை. அவனோடு உட்கார்ந்து ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கேள். அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளையும் கேள். முக்கியமாக, புருஷன் மேல் உயிரை வைத்திருக்கிறவள் யாராவது இருந்தால் அவளைக் கேள். முதலாளியிடம் போய், "நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்" என்று சொல்ல உனக்கு வெட்கமாக இருக்கும். இருபத்திரண்டு வயதில் ஒரு நாள் வெட்கப்படுவது நல்லது. என்னைப் போல் எட்டு வருஷம் சேர்த்து வைத்தால் தாங்காது.

இதை எழுதி முடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமலில்லை. துரை காதுக்குப் போனால் இந்தக் கூரை போகலாம். அப்பாவுக்கு ஐம்பத்தைந்து, இனி யார் புது வேலை தருவார்கள்? வீடு போனால் போகட்டும் என்று வாயால் சொல்வது சுலபம். உன் அறையில் இரண்டு பாய்க்கு இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வை. நான் குறட்டை விடமாட்டேன், உன் அப்பாவுக்கு நான் பொறுப்பில்லை. எது எப்படிப் போனாலும் வருகிற ஞாயிறு பூசைக்குப் பிறகு படகேறி புக்கிட் மெர்தாஜாம் போகப் போகிறேன். அப்பா வந்தால் அவரோடு, வராவிட்டால் தனியாக. ராமையா அந்த ஸ்டேஷனில் இல்லாவிட்டால் மூட்டை தூக்குகிற யாருக்காவது தெரிந்திருக்கும். அவரிடம், "வாளி நீங்கள் ஊற்றவில்லை" என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தையும் நாளைக்கு ரொட்டி பாயிடம் கொடுத்தால் போய்விடும். அதை நான் செய்யப் போவதில்லை. அப்பா துரையைக் கிளப்பில் இறக்கிவிட்டு வந்ததும், கை கழுவி, சாப்பிட்ட பிறகு, இதை அவர் கையில் கொடுப்பேன். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், விரலை வைத்து ஒவ்வொரு வரியாக. இவ்வளவையும் படிக்க ஒரு மணி நேரமாவது ஆகும். நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போகாமல் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். தபாலில் போடுவதா, கிழித்துப் போடுவதா என்பதை அவரிடமே விட்டுவிட்டேன். ஆகையால் இது உன் கையில் இருக்கிறது என்றால், உன் அப்பா கடைசி வரி வரை படித்துவிட்டு, தானே நடந்துபோய்ப் பெட்டியில் போட்டிருக்கிறார். எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவருக்கு எழுது.

உன் அம்மா